சபைப் பயணமாக வெளிநாடு போகிறீர்களா? முதல் சில நாட்கள் பற்றிக் கேள்வி பதில்

பல ஆண்டுகளாக எங்கள் சபைக் குழுக்களை வெளிநாட்டு ஊழியப் பயணங்களுக்கு அழைத்துப் போய் வருகிறேன். முதல் தடவை புறப்படுகிறவர்கள் கேட்ட சில கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

அக்கா, சனிக்கிழமை இரவு போய் இறங்குகிறோம். மறுநாள் காலை ஆராதனையிலேயே பாட்டும் சாட்சியும் வைத்திருக்கிறோம். சரிப்படுமா?

முடிந்தால் அடுத்த ஞாயிறுக்குத் தள்ளி வையுங்கள். கடந்து போகும் ஒவ்வொரு நேர மண்டலத்துக்கும் உடல் பழக ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும். கிழக்கு நோக்கிப் போனால் இன்னும் சிரமம். நம் உடலின் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமானது. அதனால் தாமதமாகத் தூங்குவது எளிது, வழக்கத்துக்கு முன்பே தூங்குவதுதான் கடினம். பகலில் வெளிச்சத்தில் நடமாடுங்கள். தாங்க முடியாவிட்டால் அரை மணி நேரத்துக்குள் ஒரு குட்டித் தூக்கம் போதும்.

களைப்பை விடவும் முக்கியமான காரணம் ஒன்று உண்டு. முதல் ஞாயிறு அந்தச் சபையாரோடு சும்மா உட்கார்ந்து ஆராதியுங்கள். அவர்கள் எப்படி ஜெபிக்கிறார்கள், எப்போது எழுகிறார்கள், யாருக்கு முதல் மரியாதை தருகிறார்கள் என்று பாருங்கள். நாம் போவதற்கு முன்பே அங்கே ஊழியம் நடந்துகொண்டிருக்கிறது. நாம் அங்கே விருந்தாளிகள். மேடையில் ஏறிவிட்டால் இதைக் கவனிக்க முடியாமல் போகும்.

விமான நிலையத்தில் கேட்டால் ‘சுற்றிப் பார்க்க வந்தோம்’ என்று சொல்லச் சொல்கிறார்கள். சொல்லலாமா?

வேண்டாம் தம்பி. கர்த்தருடைய வேலைக்குப் போகிறவர்கள் பொய்யோடு உள்ளே நுழையக் கூடாது. அதோடு, பல நாடுகளில் சமய ஊழியத்துக்கென்று தனி விசா உண்டு. சம்பளம் வாங்காமல் செய்வதைக்கூட வேலையாகக் கருதும் இடங்களும் உண்டு. பிடிபட்டால் நீங்கள் திரும்பி வந்துவிடுவீர்கள், அழைத்த சபைதான் விசாரணைக்கு அலையும். எந்த விசா சரி என்று தூதரகத்தில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அழைப்புக் கடிதம், தங்கும் முகவரி, போதகரின் தொலைபேசி எண் மூன்றையும் தாளில் வைத்திருங்கள். இறங்கியதும் போனில் சார்ஜ் இருக்கும், சிக்னல் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

விருந்து வைப்பவர்கள் தருவதை மறுத்தால் மனம் நோகுமே? வயிறு கெட்டால் என்ன செய்வது?

நன்றாக வெந்து, சூடாகப் பரிமாறியதைப் பெரும்பாலும் பயமில்லாமல் சாப்பிடலாம். கவனிக்க வேண்டியது தண்ணீர், ஐஸ், பச்சையாக நறுக்கிய காய்கள். தண்ணீர் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். 2,000 மீட்டருக்கு மேலான மலைப்பகுதியில் மூன்று நிமிடம். பேதியானால் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தைக் கரைத்துக் குடியுங்கள். அது இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. காய்ச்சலோ ரத்தமோ சேர்ந்தால் ‘ஜெபித்துப் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடாதீர்கள். ஜெபித்துக்கொண்டே மருத்துவரிடம் போங்கள்.

தடுப்பூசியைப் புறப்படும் வாரத்தில் போட்டுக்கொண்டால் போதுமா?

போதாது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் ஊசி போட்டுப் 10 நாள் கழித்துத்தான் செல்லும். மலேரியா மாத்திரையிலும் சிலவற்றை இரண்டு வாரம் முன்பே தொடங்க வேண்டும். ஊர் திரும்பிய பிறகும் விடாமல் முடிக்க வேண்டும்.

சிறுவர் ஊழியத்தில் எடுக்கும் படங்களை எங்கள் சபைக் குழுவில் போடலாமா? பிள்ளைகளுக்குக் கொஞ்சம் பணம் தரலாமா?

பெற்றோரிடம் கேட்காமல் படம் எடுக்கவே எடுக்காதீர்கள். கிழிந்த சட்டையோடு நிற்கும் பிள்ளையின் முகத்தை ஊருக்குக் காட்டி நாம் ஜெப உதவி கேட்கிறோம். நம் வீட்டுப் பிள்ளையை ஒருவர் அப்படிக் காட்டினால் பொறுப்போமா? சில இடங்களில் சபைக்கு வருவதே குடும்பத்துக்கு ஆபத்தாக இருக்கும். அங்கே அவர்களைக் காட்டிக்கொடுக்க ஒரே ஒரு படம் போதும்.

பணமும் அப்படித்தான். நீங்கள் ஒரு பிள்ளைக்குக் கொடுத்தால் மறுநாள் பத்துப் பிள்ளைகள் கையேந்தி நிற்பார்கள். நீங்கள் போன பிறகு அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் உள்ளூர் போதகர். கொடுக்க மனம் ஏவினால் அவரிடம் கலந்து பேசி, சபை வழியாகக் கொடுங்கள்.

வந்து நான்கு நாள் ஆகிறது அக்கா. காரணமில்லாமல் அழுகை வருகிறது, எல்லார் மேலும் எரிச்சல் வருகிறது. என் விசுவாசம் குறைந்துவிட்டதா?

இல்லையம்மா, அப்படி நினைக்கவே நினைக்காதே. கலெர்வோ ஓபர்க் என்ற மானுடவியலாளர் 1954-இல் ரியோ டி ஜெனிரோவில் பேசும்போது இதைத்தான் கலாச்சார அதிர்ச்சி என்று விளக்கினார். எப்போது கை குலுக்குவது, எப்போது அழைப்பை ஏற்பது, யார் சொல்வதை எவ்வளவு நம்புவது என்று யோசிக்காமலே செய்துவந்த நூறு சின்ன விஷயங்கள் ஒரே நாளில் பயன்படாமல் போகின்றன. அதனால்தான் மனம் களைக்கிறது. முதலில் பூரிப்பு, பிறகு இந்த நெருக்கடி, அப்புறம் மெல்லத் தெளிவு என்று பலருக்கும் இது வந்து போயிருக்கிறது. எனக்கும் என் முதல் பயணத்தில் வந்தது. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

குழுத் தலைவரிடம் இன்றைக்கே சொல்லிவிடு. வீட்டுக்கு மணிக்கொரு தடவை போன் பேசாதே, ஏக்கம் கூடும்; நாளுக்கு ஒரு தடவை போதும். உன்னைத் தங்க வைத்திருக்கும் வீட்டு அம்மா சமையலறையில் இருக்கும்போது பக்கத்தில் போய் உட்கார். ஒவ்வொரு பொருளாகக் காட்டி அவர்கள் மொழியில் பெயர் கேள். நீ தப்பாகச் சொல்வாய், அவர்கள் திருத்துவார்கள். எனக்கு அந்த முதல் பயணத்தில் அழுகை நின்றது அப்படித்தான்.