சுல்தானாவின் வெயில் சமையலறை

வணக்கம். வங்க எழுத்தாளர் ரொகேயா சகாவத் ஹொசைன் எழுதிய 'சுல்தானாவின் கனவு' கதையைப் படித்தேன். பெண்கள் ஆளும் நாடு, ஆண்கள் வீட்டுக்குள். வெயிலில் சமையல், மேகத்திலிருந்து குழாயில் தண்ணீர், பறக்கும் வண்டி. இயற்பியல் படிக்கிற எனக்கு ஒரு சந்தேகம். இதில் ஏதாவது நடக்கக்கூடியதா? அல்லது மாயாஜாலக் கதைதானா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்,

மாயாஜாலம் என்று நான் சொல்ல மாட்டேன். 1905-ல், சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த 'இந்தியன் லேடீஸ் மேகஸின்' இதழில் வெளியான கதை அது. அதிலுள்ள கருவிகளில் பல அன்றைய இயற்பியலுக்குள்ளேயே நிற்பவை.

பறக்கும் வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பலகை, இரண்டு இருக்கை, இரண்டு ஹைட்ரஜன் உருண்டைகள், மின்சாரத்தில் இயங்கும் இறக்கைகள். ஒரு கன மீட்டர் ஹைட்ரஜன் சுமார் 1.1 கிலோவைத் தூக்கும். இரண்டு பெண்களும் பலகையுமாக 150 கிலோ என்றால் ஒவ்வொரு உருண்டைக்கும் 5 மீட்டர் விட்டமாவது வேண்டும். மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்தால் இன்னும் பெரிதாகும். கதையில் வருவது கையால் பூட்டுகிற உருண்டை. அளவு இடிக்கிறது, தத்துவம் சரி. தூக்கவேண்டிய எடைக்குத் தக்கபடி உருண்டையின் அளவு மாறும் என்று ரொகேயா ஒரு வரி எழுதியிருக்கிறார். மிதப்பு விதி தெரியாதவர் எழுதுகிற வரி இல்லை அது. பேட்டரியில் ஓடிய 'லா பிரான்ஸ்' என்ற ஆகாயக் கப்பல் 1884-லேயே 8 கிலோமீட்டர் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பியிருக்கிறது.

சமையலறையில் எனக்குச் சந்தேகமே இல்லை. கதை வருவதற்குக் கால் நூற்றாண்டு முன்பே பம்பாயில் வில்லியம் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேயர் கண்ணாடிகளை அடுக்கி வெயிலில் சமைத்தும், நீராவி இயந்திரத்தை ஓட்டியும் காட்டினார். கதையில் வருவதுபோல் வெப்பத்தைச் சேமிப்பதும் இன்று நடைமுறை. ஸ்பெயினில் 2011-ல் தொடங்கிய ஹெமாசோலார் நிலையம் உருக்கிய உப்பில் வெப்பத்தைத் தேக்கி, வெயில் இல்லாமலே 15 மணி நேரம் மின்சாரம் தருகிறது.

மேகத்தில்தான் ரொகேயாவோடு உடன்பட முடியவில்லை. ஒரு கன மீட்டர் மேகத்தில் இருப்பது அரை கிராம் அளவுக்கான நீர். ஒரு கன கிலோமீட்டரைப் பிழிந்தாலும் 500 டன்தான் தேறும். ஒரு சதுர கிலோமீட்டரில் 1 செ.மீ. மழை பெய்தாலே 10,000 டன். குடிக்கக் கொஞ்சம் பிடிக்கலாம், சிலியின் மலைகளில் வலை கட்டிப் பனிமூட்டத்திலிருந்து பிடிக்கிறார்கள். மழையையும் புயலையுமே நிறுத்திவிட்டார்கள் என்பது ஆகாத காரியம்.

ஆண்களை அடைத்தால் குற்றம் ஒழியும் என்று கதை சொல்வதற்கும் அறிவியல் ஆதாரம் கிடையாது. அந்தப்புரத்தைத் தலைகீழாக்கிக் காட்டுகிற வாதம் அது. ஆனால் அந்தச் சமூகம் உருவான வரிசையைக் கவனியுங்கள். முதலில் அரசி பெண்களுக்குப் பள்ளிகள் திறக்கிறாள். 21 வயதுக்கு முன் திருமணம் கூடாது என்கிறாள். பிறகு இரண்டு பல்கலைக்கழகங்கள், அவற்றுக்குள் போட்டி. கருவிகள் அந்தப் போட்டியில் பிறக்கின்றன. இந்தக் கதையிலேயே மிக உறுதியான அறிவியல் இதுதான் என்று நினைக்கிறேன். எழுதியவர் பள்ளிக்கூடமே போகாதவர். அண்ணனிடம் இரவில் ஒளிந்து ஆங்கிலம் கற்றவர். 1911-ல் கல்கத்தாவில் அவர் பள்ளி தொடங்கியபோது வந்தது 8 மாணவிகள்.

குவித்த வெயிலால் எதிரிப் படையை விரட்டும் காட்சியை உங்களுக்கே விடுகிறேன். சூரியனுக்கு அரை பாகை அகலம் இருப்பதால், ஒரு கிலோமீட்டர் தள்ளி விழும் ஒளிப்பொட்டு குறைந்தது 9 மீட்டர் விரியும். அந்தத் தூரத்தில் ஒரு படை நிற்க முடியாதபடி சுட எத்தனை சதுர மீட்டர் கண்ணாடி வேண்டும்? கணக்குப் போட்டு அனுப்புங்கள், வெளியிடுகிறேன்.