சிக்குப்பலகையைச் சுற்றி

அன்புள்ள ஐயா,

நான் பாளையங்கோட்டையில் முதுகலைத் தமிழ் படிக்கிறேன். அச்சுப் புத்தகம் வருவதற்கு முன்பு நம் முன்னோர் அன்றாட வாழ்வில் கவிதையை எப்படி வாசித்தார்கள்? ஏடு சிலரிடம் மட்டுமே இருந்தது. பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆகவே பாமர மக்கள் கவிதையே இல்லாமல்தான் வாழ்ந்திருப்பார்கள் என்று எண்ணுகிறேன். நான் இரவில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கம்பராமாயணத்தை மௌனமாக வாசிக்கிறேன். பத்துப் பாடலுக்கு மேல் நகர முடியவில்லை. எந்த உரைப் பதிப்பை வாங்கலாம்?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில்தான் ஊரில் எங்கள் பழைய வீட்டு மச்சிலிருந்து ஒரு சிக்குப்பலகையை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தேன். விரித்தால் பெருக்கல் குறி போல நிற்கும். மேலே புத்தகத்தைத் திறந்து வைத்து, கீழே சம்மணமிட்டு உட்கார்ந்து வாசிக்கலாம். வலப்பக்கப் பலகை மட்டும் அரிக்கேன் விளக்கின் புகை படிந்து கறுத்திருந்தது. தாத்தா விளக்கை எப்போதும் அந்தப் பக்கமே வைப்பார்.

எந்தப் பதிப்பு என்பது பெரிய விஷயமில்லை. பதம் பிரித்து அச்சிட்ட எதுவும் போதும். ஆனால் பாமர மக்கள் கவிதை இல்லாமல் வாழ்ந்தார்கள் என்று எழுதினீர்களே, அதை நான் விட மாட்டேன். தமிழ் படிக்கிற பிள்ளை, அதுவும் பொருநை என்கிற தாமிரபரணிக் கரையில் இருந்துகொண்டு, இப்படி எழுதலாமா? கழுகுமலைக்குக் காவடி எடுத்தவர்கள் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்தைப் பாடிக்கொண்டே நடந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் அதைத் தாளில் பார்த்திருப்பார்கள்? காயல்பட்டினத்து முஸ்லிம் வீடுகளுக்கு நபிகள் நாயகத்தின் வரலாற்றைப் பாடும் உமறுப்புலவரின் சீறாப்புராணம் இருந்தது. அய்யாவழியினரின் வழிபாட்டு இடங்களான நிழல் தாங்கல்களில் இன்றும் அவர்களுடைய புனித நூலைப் பாடும் திருஏடு வாசிப்பு பல நாள் நடக்கிறது. 1894இல் வெளிவந்த கிறித்தவக் காப்பியமான இரட்சணிய யாத்திரிகத்தைப் பாடிய கிருஷ்ணபிள்ளை உங்கள் பாளையங்கோட்டையில் வாழ்ந்தவர். அம்மன் கோயில் கொடையில் விடிய விடிய வில்லுப்பாட்டுக் கேட்ட சனத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

உங்கள் பிழை ‘வாசித்தல்’ என்ற சொல்லில் இருக்கிறது. கண்ணால் தனியே செய்கிற காரியம் என்று அதை நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். ஓர் ஓலைச்சுவடியைக் கையில் வாங்கிப் பாருங்கள். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. அடி முடிகிற இடம் தெரியாது. செய்யுள் உரைநடை போல ஓரம் வரை ஓடும். எழுத்தாணியால் குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்பதால் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். குறில் எகரத்துக்கும் அந்தக் காலத்தில் புள்ளிதான் அடையாளம், அதுவும் விடுபட்டுப்போகும். அதனால் ‘எரி’யும் ‘ஏரி’யும் ஓலையில் ஒரே வடிவம். தீயா, தண்ணீரா என்பதைக் கண் எப்படிச் சொல்லும்? வாய்தான் சொல்ல வேண்டும். எரி என்பது இரண்டு குறில் சேர்ந்த ஒரே அசை, நிரையசை. ஏரி என்பது நேரும் நேருமாக இரண்டு அசை. ஓசையோடு பாடிப் பார்த்தால் இரண்டில் ஒன்று தளை தட்டும், அதாவது பாட்டின் ஓசை இடறும். தட்டாதது சரியான பாடம். அச்சுக்கு முந்தைய நூற்றாண்டுகளில் ஏட்டைக் கையில் எடுத்த ஒவ்வொருவரும் ஒவ்வொரு வரியிலும் இதைச் செய்துதான் பொருளுக்குள் நுழைந்தார்கள். வாய்விட்டுப் படிப்பது அவர்களுக்கு அழகுக்காகச் சேர்த்த இசை அல்ல, படிப்பதற்கு இருந்த ஒரே வழி. ஒருவர் வாய்விட்டுப் படித்தால் வீடு முழுவதும் கேட்கும். ஆகவே ஓர் ஊரில் ஏடு ஒன்றே இருந்தாலும் அதைப் படித்தவர்கள் ஐம்பது பேர் என்றுதான் நான் எண்ணுவேன்.

பள்ளியில் ஒரு செய்யுளைத் தாத்தாவின் ராகத்தில் வாசித்ததற்காகத் தமிழாசிரியர் ஒருவர் என்னை வகுப்பின் நடுவே நிறுத்திவிட்டார். பதவுரை மட்டும் ஒப்பித்தால் போதும் என்றார். அந்த வலி இன்னும் எனக்கு இருக்கிறது. பத்துப் பாடலுக்கு மேல் நகர விடாத உங்கள் முட்டுக்கட்டையும் ஓசையை விட்டுவிட்ட அந்தப் படிப்பிலிருந்து வந்ததுதான்.

பிசான நடவுக்குக் குளத்தில் தண்ணீர் இல்லாத ஓர் ஐப்பசியில், எங்கள் ஊர்க் கோயில் முன்மண்டபத்தில் தாத்தா விராட பருவம் வாசித்தார். தருமன் மறைந்திருக்கும் நாட்டில் மழை தவறாது பெய்யும் என்று வீட்டுமர் (பீஷ்மர்) சொல்கிற கதை அதில் வருவதால், மழை பொய்த்தால் வில்லிபாரதத்தில் அந்தப் பருவத்தை வாசிப்பது வழக்கம். தாத்தா ஒரு பாட்டை முழுவதும் பாடுவார். பிறகு ஓர் அடியை எடுத்துச் சொல் சொல்லாகப் பிரிப்பார். பக்கத்தில் இருப்பவர் அதற்குப் பொருள் சொல்லுவார். நான்கு அடியும் முடிந்ததும் மறுபடி முழுப்பாட்டு. இந்த முறை பொருள் தெரிந்துவிட்டதால் கூட்டம் கடைசிச் சீரைச் சேர்ந்து சொல்லும். ஒரு பாட்டுக்குக் கால் மணி நேரம் ஆனாலும் யாரும் அவசரப்பட்டதில்லை. கம்பனைச் சுவைப்பதில் பேர்பெற்ற ரசிகமணி டி.கே.சி. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் தம் வீட்டு முற்றமான வட்டத்தொட்டியில் நண்பர்களை வைத்துக்கொண்டு கம்பன் பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடிக்காட்டியதைப் பற்றிப் பின்னாளில் படித்தபோது, எனக்கு எங்கள் மண்டபம்தான் நினைவில் வந்தது.

இதை எழுதும்போது இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். மண்டபத்துக்குள் எல்லோரையும் விடவில்லை. வயலில் இறங்கி நாற்று நடப்போகிறவர்கள் தேரடிக்கு அப்பால் தெருவில் நின்று கேட்டார்கள். மழை அவர்களுக்கும் வேண்டியிருந்தது. அவர்களைத் தூரத்தில் நிறுத்திப் பாட்டை மட்டும் கொடுத்தோம். அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவர்களிடம் கவிதை இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். எங்களிடம் இல்லாத எத்தனையோ கதைப்பாட்டுகள் அவர்கள் வாயில் இருந்தன.

என் ஆச்சிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. பத்திரத்தில் பெருவிரலைத்தான் உருட்டினாள். நான் நான்காம் வகுப்பு படிக்கும்போது, மத்தியானம் அரிவாள்மணையில் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டே, அல்லி அரசாணி மாலை என்ற கதைப்பாட்டைப் பெரிய எழுத்துப் புத்தகத்திலிருந்து என்னை வாசிக்கச் சொல்லுவாள். தெருவில் பிள்ளைகள் விளையாடுகிற சத்தம் கேட்கும். அர்ச்சுனன் பாம்பாக உருமாறி அல்லியின் அந்தப்புரத்துக்குப் போகிற இடத்தில், சீக்கிரம் முடித்துவிடலாம் என்று ஓர் அடியைத் தாண்டிப் போனேன். கத்திரிக்காய் பாதி நறுக்கியபடி நின்றது. “ஏல, நடுவுல ஒண்ண முழுங்கிட்டியே, அதையும் படி” என்றாள். நான் புத்தகத்தைப் பார்த்தேன். விரல் வைத்துத் தேடிய பிறகுதான் அந்த அடி எனக்கே அகப்பட்டது. அடுத்த நாள் வேண்டுமென்றே வேறோர் இடத்தில் ஓர் அடியை விட்டேன், அங்கும் பிடித்துவிட்டாள். சிறுமியாக இருந்தபோது தன் அப்பா வாசிக்கத் தூணோரம் உட்கார்ந்து கேட்டதாம். அதற்குப் பின் நாற்பது ஆண்டுகளாக, காய் நறுக்கும்போதும் நெல் அவிக்கும்போதும் வாய்க்குள் சொல்லிச் சொல்லி அதைக் காத்திருக்கிறாள். அவளைப் பாமரர் என்ற சொல்லுக்குள் அடைத்துவிடாதீர்கள், தம்பி.

இன்று இரவு அறைக் கதவைத் திறந்து வையுங்கள். புத்தகத்தை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய், அம்மா வேலை செய்துகொண்டிருக்கும்போது ஒரே ஒரு பாட்டை மூன்று முறை வாய்விட்டு வாசியுங்கள். ராகம் தெரியாவிட்டால் பரவாயில்லை, சீர் சீராக நிறுத்தினால் போதும். அம்மா எந்தச் சொல்லில் உங்களை நிறுத்தினார்கள், என்ன கேட்டார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்