புல்தரைக்கு அடியில் கேபிள்: தென்னாப்பிரிக்க வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வீட்டு முன்னால் கிக்குயு புல்தரை. அதன் ஓரமாகச் சுமார் 25 மீட்டர் தூரத்துக்கு 12 வோல்ட் கேபிள் போட்டு ஆறு தோட்ட விளக்குகள் வைக்க வேண்டும். பள்ளம் தோண்டும் டிரெஞ்சர் இயந்திரத்தை வாடகைக்கு எடுக்கலாமா, மண்வெட்டியே போதுமா? – வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: இரண்டும் வேண்டாம். செயின் டிரெஞ்சர் பத்து, பதினைந்து சென்டிமீட்டர் அகலத்துக்குப் பள்ளம் தோண்டி, மண்ணை இரண்டு பக்கமும் வாரிப் போடும். கிக்குயுவின் தண்டு மண்ணுக்கு மேலும் ஓடும், கீழும் ஓடும். அது செயினில் சுற்றிக்கொள்ளும். அடிக்கடி நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கையால் பிய்த்தெடுக்க வேண்டிவரும். கேபிள் நுழைக்கும் கான்டுயிட் குழாய் புதைக்க அது நல்ல இயந்திரம். சின்ன கேபிளுக்கு அவ்வளவு பெரிய காயம் தேவையில்லை. சாதாரண மண்வெட்டியோ புல்லைத் தோலோடு பெயர்த்துவிடும்.

உங்களுக்கு வேண்டியது பள்ளம் அல்ல, கீறல். அரைவட்டத் தகடும் நீண்ட பிடியும் உள்ள எட்ஜர் ஒன்றை வாங்குங்கள். காலால் மிதிக்கத் தகட்டின் மேல்விளிம்பு மடங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் கால் நோகும். வாங்கிய அன்றே அரத்தால் முனையைத் தீட்டிவிடுங்கள். கடையில் வரும் கூர் மெல்லிய புல்லுக்குப் போதும், கிக்குயுவுக்குப் போதாது.

முதல் நாள் புல்லைத் தாழ்வாக வெட்டி, மாலையில் நன்றாகத் தண்ணீர் விடுங்கள். மறுநாள் கயிறு கட்டிக் கோடு பிடியுங்கள். தகட்டை நேராக இறக்கி, பிடியை முன்னும் பின்னும் சற்றே அசைத்து, கீறலை ஒரு விரல் அகலத்துக்குத் திறவுங்கள். அடுத்த வெட்டு முந்தையதன் மேல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஏற வேண்டும். இடைவெளி விட்டால் அங்கே அறுபடாத தண்டு கேபிளைக் கீழே இறங்க விடாது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வயதான கிக்குயு தரையில் காய்ந்த புல்லும் தண்டுமாக ஐந்து சென்டிமீட்டர் வரை மெத்தை இருக்கும். தகடு பத்து சென்டிமீட்டர் இறங்கியது என்று நினைப்பீர்கள், மண்ணுக்குள் போனது ஐந்துதான். புல் நுனியிலிருந்து அளக்காதீர்கள். மண் தெரியும்படி விலக்கி, அங்கிருந்து பத்து முதல் பதினைந்து சென்டிமீட்டர் அளந்துகொள்ளுங்கள். எட்ஜர் அவ்வளவு இறங்காவிட்டால், அதே கீறலில் மெல்லிய தகடுள்ள டிரெஞ்சிங் ஸ்பேடை இறக்குங்கள். செப்டம்பரில் புல்லைச் சுரண்டிப் புதுப்பிக்கும் வழக்கம் நம் ஊரில் உண்டு. மேலோட்டமாகக் கிடக்கும் கேபிளைப் பெரும்பாலும் அந்த மெஷின்தான் அறுக்கிறது. காற்றோட்டத்துக்குத் துளை போடும் முள் உருளையும் சுலபமாக ஏழெட்டு சென்டிமீட்டர் இறங்கும்.

கேபிளைக் கீறலுக்குள் தள்ள ஸ்குரூடிரைவர் வேண்டாம். காப்புறை கீறிவிட்டால் ஈரம் உள்ளே போய்ச் செம்பு பச்சையாகி அரிக்கும். ஆறேழு மில்லிமீட்டர் தடிமனுள்ள மரப்பலகைத் துண்டு ஒன்றின் விளிம்பை உருட்டித் தேய்த்து, அதனால் அழுத்துங்கள். ஒவ்வொரு விளக்கடியிலும் ஒரு முழம் கேபிளைச் சுருளாக விட்டுவையுங்கள். பிறகு கீறலின் இரு பக்கமும் மிதித்துத் தண்ணீர் விட்டால் போதும். கோடைமழைக் காலத்தில் சில வாரங்களில் கோடே தெரியாது.

கேபிள் தடிமனைக் கடைக்காரர் சொன்னபடி எடுக்காமல் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். விளக்குக்கு 5 வாட் என்றால் மொத்தம் 30 வாட், அதாவது 2.5 ஆம்பியர். எல்லாச் சுமையும் கடைசியில் இருப்பதாக வைத்துக்கொண்டால், 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளில் சுமார் ஒன்றரை வோல்ட் குறையும், 2.5 எடுத்தால் 0.9 வோல்ட் அளவில் நிற்கும். பின்னால் விளக்குகள் கூட்டுவீர்கள் என்றால் 2.5 எடுங்கள்.

கேள்வி: எங்கள் மண் களி. ஜூலையில் எட்ஜர் அரை அங்குலம்கூட இறங்கவில்லை. கடப்பாரையால் உடைக்கலாமா? – வாசகர், லெனேசியா

பதில்: குளிர்காலத்தில் தொடாதீர்கள். அங்கே அப்போது மழை இல்லை, புல்லும் பனியில் காய்ந்து உறங்குகிறது. வெட்டிய இடம் வசந்தம் வரை ஆறாது. அக்டோபரில் நல்ல மழை இரண்டு மூன்று பெய்து, மண் கையில் ஒட்டாத ஈரத்தில் இருக்கும்போது செய்யுங்கள். காத்திருக்க முடியாவிட்டால், கோட்டின் மேல் துளையுள்ள ஹோஸ் பைப்பைப் போட்டு இரவெல்லாம் சொட்ட விட்டு, ஒரு நாள் ஆறவிட்டு வெட்டுங்கள்.

களிமண்ணில் இன்னொரு தொல்லை உண்டு. மண் காயும்போது சுருங்கி, நீங்கள் போட்ட கீறல்தான் முதலில் பிளக்கும். அடுத்த குளிர்காலத்தில் கேபிள் வெளியே எட்டிப் பார்க்கும். அதனால் ஆழம் 20 சென்டிமீட்டர் வையுங்கள். பத்து சென்டிமீட்டர் அகல ஸ்பேடால் குறுகிய பள்ளம் எடுத்து, கேபிளுக்கு மேல் சலித்த மணலை நிரப்பி, பெயர்த்த புல்லை அதே வரிசையில் திரும்ப வையுங்கள். கடப்பாரையைக் கல் நெம்ப மட்டும் பயன்படுத்துங்கள். சாலையிலிருந்து வீட்டுக்கு வரும் மின்கேபிளும் தண்ணீர்க் குழாயும் எந்த வழியில் போகின்றன என்று தெரியாத இடத்தில் அதை ஓங்கக்கூடாது. மீட்டரிலிருந்து வீட்டுச் சுவர் வரை ஒரு நேர்கோடு கற்பனை செய்து, அதன் இரு பக்கமும் அரை மீட்டரைக் கைக்கரண்டியால் மெதுவாகத் தோண்டுங்கள். அந்தக் குழாயும் கேபிளும் நேர்கோட்டில்தான் வந்தாக வேண்டும் என்பதில்லை. சந்தேகம் இருந்தால் கேபிள் லொக்கேட்டர் உள்ளவரை அழையுங்கள். மதிலுக்கு வெளியே உள்ள புல் ஓரம் உங்களுடையது அல்ல, அங்கே தோண்ட நகராட்சி அனுமதி வேண்டும்.

கேள்வி: கேட் மோட்டாருக்கு 230 வோல்ட் லைனையும் இதே கீறலில் போட்டுவிடலாமா? – வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: கூடவே கூடாது. எட்ஜரால் போட்ட கீறலில் ஒரு மண்வெட்டி விழுந்தால் 12 வோல்ட் விளக்கு அணையும். 230 வோல்ட்டில் மனிதர் போய்விடுவார். அதற்கு இரும்புக் கம்பிக் கவசமுள்ள ஆர்மர்ட் கேபிளோ கான்டுயிட்டோ, பொதுவாக அரை மீட்டருக்குக் குறையாத பள்ளம், மேலே எச்சரிக்கை நாடா, போர்டில் மின்கசிவு வந்ததும் லைனைத் துண்டிக்கும் எர்த் லீக்கேஜ் பாதுகாப்பு எல்லாம் வேண்டும். எஸ்.ஏ.என்.எஸ். 10142-1 என்ற தென்னாப்பிரிக்க மின்வயரிங் விதிப்படி பதிவு பெற்ற எலக்ட்ரீஷியன் செய்து, வேலை விதிப்படி இருக்கிறது என்று சொல்லும் சி.ஓ.சி. சான்றிதழ் தர வேண்டும். வீட்டை விற்கும் நாளில் அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள். டிரெஞ்சர் வாடகைக்கு எடுக்க வேண்டிய இடம் இதுதான்.

கேள்வி: ரோபோ புல்வெட்டி தாண்டிப் போகாதபடி சுற்றிலும் புதைத்த எல்லைக் கம்பி எங்கோ அறுந்துவிட்டது. 120 மீட்டரையும் தோண்ட வேண்டுமா? – வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: வேண்டாம் அம்மா. கம்பியின் இரு முனைகளையும் சார்ஜிங் நிலையத்திலிருந்து கழற்றுங்கள். ஒரு முனையில் நீண்ட தற்காலிக வயரை மாட்டி, பாதி தூரத்தில் கம்பியைக் கொஞ்சம் தோண்டி வெளியே எடுத்து, ஊசி முனையால் குத்தி மல்டிமீட்டரில் மின் தொடர்ச்சி இருக்கிறதா என்று பாருங்கள். தொடர்ச்சி இருந்தால் அறுப்பு அடுத்த பாதியில். அதையும் பாதியாக்குங்கள். ஐந்தாறு சோதனையில் சில மீட்டருக்குள் வந்துவிடுவீர்கள். முதலில் பார்க்க வேண்டியது பூச்செடிப் பாத்தி ஓரமும் நடைபாதை ஓரமும்; எட்ஜரும் மண்வெட்டியும் அங்கேதான் விழுகின்றன.

ஒட்டுப் போட ஜெல் நிரப்பிய கனெக்டர் வாங்குங்கள், ஊசி குத்திய இடங்களையும் அப்படியே மூடுங்கள். முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒட்டு ஒரு மழைக்காலம் தாங்காது. கம்பி இறுக்கமாக இருந்தால் இழுக்காமல், ஒரு சாண் புதுத் துண்டு சேர்த்து இரண்டு கனெக்டர் போடுங்கள்.