லைசென்ஸைப் புதுப்பித்தால் போதுமா, நேபாளம் போகப் பாஸ்போர்ட்டும் எடுக்க வேண்டுமா?

கேள்வி கேட்டிருப்பவர் சேலத்துக்காரர், வயது 44. டிரைவிங் லைசென்ஸ் அடுத்த மாதம் முடிகிறது. கோடை விடுமுறையில் 68 வயது அப்பா, மனைவி, 12 வயது மகள் எல்லோரோடும் சொந்தக் காரில் காசி போய், அங்கிருந்து சோனௌலி வழியாக நேபாளத்துக்குள் நுழைந்து முக்திநாத் தரிசனம் செய்ய நினைக்கிறார். நியூயார்க்கில் இருக்கும் மச்சான் லைசென்ஸைக் காட்டியே கனடாவுக்குப் போய் வருகிறாராம். நமக்கும் அது போதாதா, பாஸ்போர்ட் எதற்கு என்பது கேள்வி.

போதாது. லைசென்ஸ் உங்களுக்குக் காரை ஓட்டத்தான் வேண்டும். எல்லையைக் கடக்க உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் பாஸ்போர்ட் அல்லது தேர்தல் ஆணையம் கொடுத்த வாக்காளர் அட்டை வேண்டும். சேலத்திலிருந்து காசி, முக்திநாத் யாத்திரைக்கு ஆட்களைக் கூட்டிப் போகிற வேலையில் இருக்கிறேன். புறப்படும் நாள் நெருங்கிய பிறகு இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் அதிகம். நீங்கள் முன்கூட்டியே கேட்டது நல்லது.

முதலில் ஆதார். "எல்லாத்துக்கும் ஆதார்தானே கேக்கறாங்க" என்று அதை மட்டும் எடுத்து வருகிறார்கள். 15 வயதுக்குக் கீழேயும் 65 வயதுக்கு மேலேயும் இருப்பவர்களுக்கு நேபாளம் போக ஆதார், பான், லைசென்ஸ், ரேஷன் கார்டு போன்ற புகைப்பட அடையாளம் ஏதாவது போதும். உங்கள் அப்பாவும் மகளும் இதில் வந்துவிடுவார்கள். நடுவில் இருக்கும் வயதுக்காரர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. எங்கள் குழுவோடு காட்மாண்டுவில் வந்து சேர்வதாக இருந்த ஒரு தம்பதி இரண்டு பேரும் ஆதாரோடு மட்டும் விமான நிலையம் போனார்கள். கணவருக்கு 67, மனைவிக்கு 61. அவரை அனுமதித்தார்கள், அந்த அம்மாவை அனுமதிக்கவில்லை. இரண்டு பேருமே திரும்பிவிட்டார்கள். வாக்காளர் அட்டை வீட்டு பீரோவில் இருந்ததாம். எத்தனையோ வருடம் ஆசைப்பட்ட யாத்திரை அது. அதனால்தான் இதை ஒவ்வொருவரிடமும் அழுத்திச் சொல்கிறேன்.

தரைவழியில் சோதனை விமான நிலையம் அளவுக்கு இருக்காது என்பது உண்மைதான். 1950ஆம் வருட இந்திய - நேபாள ஒப்பந்தத்தால் நமக்கு அங்கே விசா கிடையாது, காரில் போகிறவர்களைச் சில நேரம் நிறுத்திக்கூடக் கேட்பதில்லை. ஆனால் முக்திநாத் போகும் வழியில் அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்கு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், விடுதியில் அறை எடுக்க வேண்டும். அங்கெல்லாம் அடையாளம் கேட்பார்கள். மலையில் அப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் போய், காட்மாண்டுவிலிருந்து விமானத்தில் திரும்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். கூட வரும் உங்களிடம் அப்போது பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ இருந்தே ஆக வேண்டும்.

மச்சான் விஷயத்துக்கு வருகிறேன். அவர் சொல்வது சரிதான், ஆனால் அவர் கையில் இருப்பது சாதாரண லைசென்ஸ் அல்ல. நியூயார்க், வாஷிங்டன், மிச்சிகன், வெர்மான்ட், மின்னசோட்டா ஆகிய ஐந்து மாநிலங்கள் மட்டும் 'என்ஹான்ஸ்டு' லைசென்ஸ் என்று ஒன்றைத் தருகின்றன. அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும்தான் அது. குடியுரிமையைச் சரிபார்த்த பிறகே கொடுக்கிறார்கள், எல்லையில் இருக்கும் கருவி படிக்கிற மாதிரி ஒரு சிப்பும் உள்ளே இருக்கும். தரைவழி, கடல்வழி பயணத்துக்குத்தான் செல்லும். அதே கனடாவுக்கு விமானத்தில் போக வேண்டுமென்றால் அவருக்கும் பாஸ்போர்ட்தான். அங்கே 2025 மே 7 முதல் உள்நாட்டு விமானங்களுக்குக் கட்டாயமாக்கிய 'ரியல் ஐடி' லைசென்ஸ் என்பது வேறு, அதைக் காட்டி எல்லையைத் தாண்ட முடியாது. கிரீன் கார்டு வைத்திருக்கும் நம் ஆட்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். அவர்கள் கனடா போக விசா வேண்டாம், ஆனால் இந்தியப் பாஸ்போர்ட்டும் கிரீன் கார்டும் கட்டாயம் வேண்டும்.

நம் ஆர்.டி.ஓ. ஆபீஸில் லைசென்ஸ் கொடுக்கும்போது வயதையும் முகவரியையும் பார்க்கிறார்கள், வண்டி ஓட்டத் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். நீங்கள் எந்த நாட்டுக் குடிமகன் என்பதை அந்த அட்டை சொல்வதே இல்லை. அதனால்தான் பூடானுக்கும் அது செல்லாது. நம் எல்லை ஊரான ஜெய்காவைத் தாண்டி, பூடான் பக்கம் இருக்கும் ஃபுன்ட்ஷோலிங்கில் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டைதான் கேட்பார்கள். பூடானில் வயதானவர்களுக்கும் ஆதார் செல்லாது.

வாக்காளர் அட்டையே போதும் என்றால் பாஸ்போர்ட் எதற்கு? என் பதில்: எடுத்துவிடுங்கள். சேலம் தலைமை அஞ்சலகத்திலேயே பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது. 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு 1500 ரூபாய், பெரியவர்களுக்குப் பத்து வருடம் செல்லும். தட்கல் என்றால் இன்னும் 2000 சேரும். உங்களுக்குக் கோடை வரை நேரம் இருப்பதால் சாதாரண முறையே போதும். பிறந்த தேதிச் சான்றாக லைசென்ஸையும் ஏற்றுக்கொள்கிறார்கள்.

பாஸ்போர்ட் எடுக்கச் சொல்வதற்கு முக்கியக் காரணம் பெயர். நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். செந்தில்குமார் என்று ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். வாக்காளர் அட்டையில் வெறும் 'செந்தில்குமார்', அப்பா பெயர் தனி வரியில். லைசென்ஸில் 'கே செந்தில்குமார்'. ஆதாரில் 'செந்தில் குமார் கே'. உள்ளூரில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். தமிழ் தெரியாத ஓர் அதிகாரிக்கு இது மூன்று பேர். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும் என்பதால் ஒரு முழுப் பெயர் நிலையாகிவிடும். மற்ற அட்டைகளை அதற்கேற்பத் திருத்திக்கொள்ளலாம். வாக்காளர் அட்டைக்குப் படிவம் 8.

அப்போது குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட்டுவிடாதீர்கள். பலர் விட்டுவிடுகிறார்கள், பிறகு அவதிப்படுகிறார்கள். அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயராக மாறி, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்று விழும். பெயர் தெரியவில்லை என்று அதற்குப் பொருள். அங்கே எடுக்கும் லைசென்ஸிலும் அதுவே தொடரும். ஐக்கிய அரபு அமீரகமும் 2022 நவம்பர் முதல் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருவதற்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. உங்கள் பெயர் ஒரு கட்டத்தில், அப்பா பெயர் குடும்பப் பெயர் கட்டத்தில். மகளுக்கு உங்கள் பெயர் அங்கே வரும். தலைமுறைக்குத் தலைமுறை அது மாறுவதில் தவறே இல்லை, நம் வழக்கமே அதுதான்.

சரி, லைசென்ஸ். முடிகிற வரை காத்திருக்க வேண்டாம், ஒரு வருடம் முன்னதாகவே போக்குவரத்துத் துறையின் பரிவாகன் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். உங்களுக்கு 40 தாண்டிவிட்டதால் டாக்டர் கையெழுத்திட்ட படிவம் 1ஏ என்ற மருத்துவச் சான்று வேண்டும். புதுப்பிக்க 200, ஸ்மார்ட் கார்டுக்கு 200, கொஞ்சம் சேவைக் கட்டணம். நீங்கள் 24 வயதில் எடுத்த லைசென்ஸ் 20 வருடம் ஓடியது. இனி பத்து வருடம்தான். முன்பெல்லாம் முடிந்த பிறகும் 30 நாள் செல்லும், 2019 சட்டத் திருத்தம் அதை எடுத்துவிட்டது. முடிந்த மறுநாளே ஓட்டினால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாகத்தான் கணக்கு, அபராதம் 5000. நடுவில் விபத்து நடந்தால் இன்சூரன்ஸிலும் தகராறு வரும். ஒரு வருடத்துக்கு மேல் விட்டுவிட்டால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும்.

முகவரியையும் பாருங்கள். 2024 பிப்ரவரி 28 முதல் தமிழ்நாட்டில் லைசென்ஸ் விரைவுத் தபாலில்தான் வருகிறது. ஏற்காட்டில் எஸ்டேட் வேலையில் இருந்தபோது கொடுத்த முகவரியை, சேலத்துக்குக் குடிவந்த பிறகும் மாற்றாமல் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். புதுப்பிக்கும்போதே மாற்றிவிடுங்கள்.

நேபாளத்தில் ஓட்ட நம் லைசென்ஸே செல்லும். சர்வதேச ஓட்டுநர் அனுமதிக்கு 1000 ரூபாய் கட்ட வேண்டியதில்லை. அது அடையாள அட்டையும் ஆகாது. எல்லையில் காருக்கு 'பன்சார்' என்ற சுங்கச் சீட்டு வாங்க வேண்டும், அதற்கு ஆர்.சி., லைசென்ஸ், இன்சூரன்ஸ் மூன்றும் அசலாக இருக்கட்டும். நம் கார் இன்சூரன்ஸ் இந்தியாவோடு நின்றுவிடும். கூடுதல் பிரீமியம் கட்டினால் நேபாளத்துக்கும் நீட்டித்துத் தருவார்கள். புறப்படுவதற்கு முன்பே கம்பெனியில் எழுதிக் கொடுத்து, நீட்டித்த பக்கத்தை அச்செடுத்து ஆர்.சி.யோடு வையுங்கள்.

அப்பாவுக்கு ஆதார் போதும் என்றேன். இருந்தாலும் வாக்காளர் அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கறுப்பு வெள்ளை அட்டையாக இருந்து முகமே தெரியாமல் போயிருந்தால், அதே படிவம் 8இல் மாற்று அட்டைக்கு இப்போதே எழுதிப் போடுங்கள்.