பஸ்ஸில் தொல்லை: யாரிடம் போவது, என்ன சொல்வது?

இலங்கையின் மலையகத்துப் பொலிஸ் நிலையங்களில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வுபெற்ற தமிழ் உத்தியோகத்தர் ஒருவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கினிகத்தேனை மாணவி: கண்டிக்கு வகுப்புக்குப் போகிறேன். நெரிசலில் ஒரு ஆள் பின்னால் வந்து உரசிக்கொண்டே நிற்கிறான். தள்ளிப் போனாலும் விடுவதில்லை. சாட்சி இல்லாமல் பொலிசுக்குப் போனால் எடுபடுமா?

எடுபடும் தங்கச்சி. நீங்கள் சொல்வதே சாட்சியம்தான். தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவை 1995இல் திருத்தினார்கள். கை வைப்பது மட்டுமல்ல, சொல்லாலும் செய்கையாலும் பாலியல் தொல்லை கொடுப்பதும் குற்றம். 5 வருடம் வரை சிறை, தண்டம், உங்களுக்கு நட்டஈடு என்று எல்லாம் அதில் இருக்கிறது.

சிக்கல் சட்டத்தில் இல்லை, ஆளைப் பிடிப்பதில் இருக்கிறது. அடுத்த ஹோல்ட்டில் அவன் இறங்கிவிட்டால் யாரென்று உங்களுக்கும் தெரியாது, பொலிசுக்கும் தெரியாது. அதனால் முதலில் சத்தம் போடுங்கள். "கையை எடு" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி. சிங்களம் வந்தால் சிங்களத்திலும் சொல்லுங்கள். பிறகு நடத்துனரிடம், "வழியில் வருகிற பொலிசில் நிறுத்துங்க" என்று கேளுங்கள். அவர் கேட்காத மாதிரி டிக்கெட் கிழித்துக்கொண்டு போனால், அங்கிருந்தே பொலிஸ் அவசர இலக்கமான 119ஐ அழைத்து பஸ் இலக்கத்தையும் எந்த இடத்தைத் தாண்டுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். டிக்கெட்டை வீசிவிட வேண்டாம். அந்த பஸ்ஸில் நீங்கள் இருந்ததற்கு அதுதான் அத்தாட்சி.

ஐ.நா. சனத்தொகை நிதியம் 2015இல் நடத்திய ஆய்வில், பஸ்ஸிலோ ரயிலிலோ ஒருமுறையாவது இப்படித் தொல்லைப்பட்டதாகச் சொன்ன பெண்கள் 90 வீதம். பொலிசுக்குப் போனவர்கள் 4 வீதம். இது அந்த ஆட்களுக்கு நன்றாகத் தெரியும்.

மஸ்கெலியா, ஒரு தாய்: மகளுக்காக முறைப்பாடு கொடுக்கப் போனேன். நான் தமிழில் சொல்ல, அங்கே சிங்களத்தில் எழுதிக் கையெழுத்து கேட்டார்கள். போட்டுவிட்டேன். சரியா?

அக்கா, இனிமேல் வாசிக்கத் தெரியாததில் கையெழுத்துப் போடாதீர்கள். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, 109ஆம் பிரிவு: வாய்மொழியாகத் தரும் முறைப்பாட்டை, சொல்லுகிற மொழியிலேயே எழுதி, வாசித்துக் காட்ட வேண்டும். அந்த மொழியில் எழுத ஆளில்லை என்றால், உங்களையே எழுதித் தரும்படி கேட்க வேண்டும். "எங்களிடம் தமிழ் எழுத ஆளில்லை" என்பது உங்களைத் திருப்பி அனுப்பக் காரணமே அல்ல.

நான் வேலையில் இருந்தபோது பார்த்த சங்கதி ஒன்று சொல்கிறேன். பெரிய புத்தகத்தில் கான்ஸ்டபிள் வேகமாக எழுதுவார். "உரசினான், பிடித்தான், பின்னாலேயே வந்தான்" என்று பிள்ளை சொன்ன மூன்றும் சுருங்கி "தொந்தரவு செய்தார்" என்று ஒரே வரியாகிவிடும். வழக்கு நீதிமன்றத்துக்குப் போகிறபோது அந்த வரிதான் நிற்கும். ஆகவே வீட்டிலேயே ஒரு தாளில் தமிழில் எழுதிக்கொண்டு போங்கள்: திகதி, நேரம், பஸ் இலக்கம், எங்கே ஏறினீர்கள், என்ன நடந்தது. முறைப்பாட்டு இலக்கத்தையும் கேட்டு வாங்குங்கள். மகள் 18 வயதுக்குக் கீழ் என்றால் சிறுவர் உதவி இலக்கமான 1929க்கும் சொல்லலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

பொகவந்தலாவை: சம்பள நாளில் கடைசி பஸ்ஸில் ஏறவே பயமாக இருக்கிறது. குடித்துவிட்டு வருகிறவர்கள் வாய்க்கு வந்தபடி பேசுகிறார்கள். தெரிந்த ஆட்கள்தான்.

தெரிந்த ஆட்கள் என்பதுதான் வில்லங்கம். நாளைக்கு மலையில் வேலைக்குப் போனால் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்று எல்லாரும் வாயை மூடிக்கொள்கிறோம். வெறியில் பொது இடத்தில் தொல்லை கொடுப்பது தண்டனைச் சட்டக்கோவை 488இன்படி குற்றம். ஆனால் ஒவ்வொருவராக முறைப்பாடு கொடுத்து இது அடங்காது. அந்த பஸ்ஸில் போகிற பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து, சம்பள நாளுக்கு முன்பே நிலையப் பொறுப்பதிகாரியிடம் கடிதம் கொடுங்கள். புறப்படும் நேரத்தில் ஸ்டாண்டில் ஒரு கான்ஸ்டபிள் நின்றாலே பாதிப் பேர் அடுத்த வண்டி தேடுவார்கள்.

தலவாக்கலை: தனியார் பஸ்ஸில் காது கிழிகிற பாட்டு. குறைக்கச் சொன்னால் நடத்துனர் ஏசுகிறார். யாரிடம் சொல்வது?

தம்பி, அந்த ஆளோடு மல்லுக்கட்டிப் பலனில்லை, பேர்மிட்டை, அதாவது பஸ் ஓட்டும் அனுமதிப்பத்திரத்தைப் பிடியுங்கள். மாகாணத்துக்குள் ஓடும் பஸ் என்றால், உதாரணமாக ஹட்டன்–நுவரெலியா, பேர்மிட் கொடுப்பது மாகாணப் போக்குவரத்து அதிகார சபை. ஹட்டன்–கொழும்பு போல மாகாணம் தாண்டினால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு, இலக்கம் 1955. இ.போ.ச. (இலங்கை போக்குவரத்துச் சபை) பஸ் என்றால் டிப்போ முகாமையாளர் அல்லது 1958. தனியாரில் நடத்துனரின் கூலி பெரும்பாலும் அன்றைய வசூலைப் பொறுத்தது. பொலிசில் நிறுத்தினாலும் ஆளை இறக்கினாலும் அவருக்கு நட்டம். பேர்மிட்டுக்கு ஆபத்து என்றால் முதலாளியே அவரைக் கூப்பிட்டுப் பேசுவார். எனக்குத் தெரிந்து இதைவிடப் பலன் தந்த வழி இல்லை.

நோர்வூட், தந்தை: சீசன் டிக்கெட் வைத்திருக்கும் பிள்ளைகளைக் கண்டால் பஸ் நிற்பதில்லை.

திகதி, நேரம், பஸ் இலக்கம் மூன்றையும் ஒரு வாரம் குறித்து, பாடசாலை அதிபரின் கடிதத்தோடு டிப்போவுக்குக் கொடுங்கள். தனியாளாகப் போனால் "பார்க்கிறோம்" என்பார்கள்.

ஹப்புத்தளை: பதுளை ரயிலில் வாசலை அடைத்துக்கொண்டு சிகரெட் பிடிக்கிறார்கள், பெண்களைக் கேலி செய்கிறார்கள்.

பொதுப் போக்குவரத்தில் புகைப்பது 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின்படி தடை. ரயில் கார்டிடம் (காவலரிடம்) சொல்லுங்கள், அல்லது அடுத்த நிலையத்தில் நிலைய அதிபரிடம். பெட்டி எதுவென்று தெளிவாகச் சொன்னால் முன்னால் உள்ள நிலையத்துக்கு அவர் தகவல் கொடுப்பார். மிதிபலகையில் தொங்குகிறவர்களோடு நீங்கள் வாசலில் நின்று வாதாட வேண்டாம். அந்தப் பாதையில் வளைவும் சுரங்கமும் எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

ஹட்டன்: வீடியோ எடுத்து முகநூலில் போட்டால் உடனே பிடித்துவிடுகிறார்களே?

சில நேரம் பிடிக்கிறார்கள், உண்மைதான். ஆனால் அந்த வீடியோவில் பிள்ளையின் முகமும் இருக்கிறது. கீழே வருகிற பின்னூட்டங்களை அவள் வீட்டார் வாசிக்கிறார்கள். ஆள் மாறிப்போனால் உங்கள் மேலேயே வழக்கு வரும். எடுங்கள், வெட்டாமல் அப்படியே பொலிசில் கொடுங்கள். போடுவதா வேண்டாமா என்பதை அந்தப் பிள்ளை சொல்லட்டும்.