வாசகர் கேள்வி பதில்: பறவைகளைப் படமெடுக்க அரை நாள் போதுமா?

கேள்வி: குடும்பத்தோடு ஒரு காலைப்பொழுது கிராமப்பக்கம் போகிறோம். என்னிடம் 300 மி.மீ. லென்ஸ் இருக்கிறது. பக்கத்தில் போனாலே பறவைகள் பறந்துவிடுகின்றன, கிடைக்கும் படங்களும் கலங்கலாக இருக்கின்றன. பெரிய லென்ஸ் வாங்கினால்தான் சரியாகுமா?

பதில்: லென்ஸ் அப்புறம் பார்க்கலாம், முதலில் பறவையின் பின்னால் நடப்பதை நிறுத்துங்கள். நேரம் குறைவு என்றதும் முடிந்த மட்டும் சுற்றிவிடலாம் என்று தோன்றும், காரியம் கெடுவதே அதனால்தான். பஞ்சுருட்டான், கரிச்சான், மீன்கொத்தி எல்லாம் ஒரு கிளையிலோ கம்பியிலோ உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்து, சட்டென்று பாய்ந்து இரையைப் பிடித்துக்கொண்டு, பெரும்பாலும் அதே இடத்துக்குத்தான் திரும்பி வரும். அந்த இடத்தைக் கண்டுபிடித்து, ஓரளவு தள்ளியே, வெயில் உங்கள் முதுகில் விழும்படி தரையில் அசையாமல் உட்கார்ந்துவிடுங்கள். காற்றும் முதுகுப்பக்கமிருந்து அடித்தால் ரொம்ப நல்லது, ஏனென்றால் பறவைகள் காற்றை எதிர்த்துத்தான் வந்து இறங்கும், முகம் உங்களைப் பார்த்து இருக்கும். கார் நிற்க இடமிருந்தால் அதற்குள்ளிருந்தே எடுங்கள், மனித உருவத்துக்கு மிரளும் அளவுக்கு நிற்கும் வண்டிக்குப் பறவைகள் மிரள்வதில்லை.

கலங்குவதற்குப் பெரும்பாலும் ஷட்டர் வேகம், அதாவது கேமரா ஒளியை உள்ளே விடும் நேரம், போதாமல் இருப்பதுதான் காரணம். உட்கார்ந்திருக்கும் பறவைக்கே 1/500 நொடிக்குக் கீழே இறங்காதீர்கள், பறக்கும்போது 1/2000 வேண்டும். அதற்கு ஈடாக ஐஎஸ்ஓ, அதாவது கேமராவின் ஒளி உணர்திறன், ஏறும், படத்தில் புள்ளி விழும், ஏறட்டும். புள்ளி விழுந்த படத்தைப் பிறகு ஓரளவு சரிசெய்துவிடலாம், அசைந்துபோன படத்தை மீட்பது கஷ்டம். ஃபோகஸ் கண்ணில் இருக்கட்டும். விடிந்ததும் கிளம்பிவிடுங்கள், வெயில் ஏறிவிட்டால் வயல்வெளியில் காற்று நெளிய ஆரம்பித்துவிடும், தூரத்துப் பறவை எவ்வளவு பெரிய லென்ஸிலும் தெளிவாக விழாது.

கேள்வி: கொக்கை எடுத்தால் இறகே தெரியாமல் வெள்ளைத் திட்டாக வருகிறதே?

பதில்: சுற்றியுள்ள இருட்டான செடியையும் தண்ணீரையும் கணக்கில் எடுத்துக்கொண்டு கேமரா மொத்தப் படத்தையும் வெளிச்சமாக்கிவிடுகிறது. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் 1-க்குக் கொண்டுபோங்கள். வெளிர் வானத்தில் பறக்கும் கரிய பறவைக்கு நேர்மாறாக, பிளஸ் 1.

கேள்வி: தாழ்வான புதரில் குஞ்சுகளோடு ஒரு கூடு பார்த்தேன். மறைக்கும் இலைகளைக் கொஞ்சம் விலக்கிவிட்டு எடுக்கலாமா?

பதில்: கூடாது, ஒரு இலையைக்கூடத் தொடாதீர்கள். வெயிலும் காக்கையின் கண்ணும் குஞ்சுகள் மேல் படாமல் காப்பது அந்த இலைகள்தான். நீங்கள் நிற்கும் வரை தாய் இரையை வாயில் வைத்துக்கொண்டு கூட்டுக்கு வராமல் சுற்றிக்கொண்டிருக்கும், குஞ்சுகள் பசியோடு கிடக்கும். கொஞ்சம் வளர்ந்த குஞ்சுகளாக இருந்தால் மிரண்டுபோய், சரியாகப் பறக்க வரும் முன்பே கூட்டைவிட்டுக் குதித்துவிடுவதும் உண்டு. கூட்டைப் பார்த்தவுடன் வந்த வழியே விலகிவிடுங்கள். இரை தேடித் திரியும்போது தாய்ப்பறவையைத் தள்ளி நின்று எடுக்கலாம், அதில் தவறில்லை. ஆனால் படத்தை யாருக்கு அனுப்பினாலும் கூடு எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லாதீர்கள்.