முகவாய்க்கு ஊசியா, அறுவை சிகிச்சையா?

கேள்வி: எனக்கு வயது 24. பக்கவாட்டில் பார்த்தால் என் முகவாய் உள்வாங்கித் தெரிகிறது. ஊசி போட்டாலே சரியாகிவிடும் என்கிறார்கள் அழகு நிலையத்தில். அறுவை சிகிச்சை தேவைப்படுமா?
– வாசகி, திருச்சி

பதில்: முதலில், மேல்வரிசைப் பற்களும் கீழ்வரிசைப் பற்களும் பொருந்திக் கடிக்கின்றனவா என்று பக்கவாட்டு எக்ஸ்ரேயுடன் பரிசோதிக்க வேண்டும், கீழ்த்தாடையே பின்தங்கியிருந்தால், முகவாயை மட்டும் நீட்டுவது குறையை மறைக்குமே தவிர கடியைச் சீராக்காது. கடி சரியாக இருந்தால், ஹையலூரானிக் அமில ஃபில்லர் (ஊசியால் உள்ளே செலுத்தி முகவாயை மேடாக்கும் கூழ்) போடலாம்; அது ஏறத்தாழ ஓராண்டு நிற்கும். பிடிக்காவிட்டால் வேறோர் ஊசியால் கரைத்துவிடலாம். ஆனால் ஃபில்லர் தவறி இரத்தக் குழாய்க்குள் சென்றால் தோல் அழுகக்கூடும், அரிதாகப் பார்வையும் பறிபோகலாம் என்பதால், அழகு நிலையத்தில் அதைப் போட்டுக்கொள்ளவே கூடாது. முகவாய்க்குள் அறுவை சிகிச்சையால் பொருத்தும் சிலிகோன் இம்பிளான்ட் நிலையானது. கிருமித்தொற்று வந்தால் அகற்ற நேரிடும்.

ஜீனியோபிளாஸ்டி என்பது, கீழுதட்டின் உட்புறம் கீறி, முகவாய் எலும்பை வெட்டிச் சில மில்லிமீட்டர் முன்னே நகர்த்தி, டைட்டானியத் தகட்டால் பிணைக்கும் அறுவை சிகிச்சை. தழும்பு வெளியே தெரியாது. எனினும் உதட்டுக்கு உணர்வூட்டும் நரம்பு அருகிலேயே ஓடுவதால் சில மாதங்கள் மரத்திருக்கலாம். சிலருக்கு அது நிரந்தரமாகவும் தங்கிவிடும். குறை சிறிதென்றால், முகத்தாடை அறுவை நிபுணரையோ பிளாஸ்டிக் சர்ஜனையோ கலந்து, ஃபில்லரில் தொடங்குவதே என் பரிந்துரை.